மூடி வைத்த தண்ணீர்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
ஆஸ்திரேலியா
1993 பிப்ரவரி 9

எஸ்மே,

உன் மதினி கோராலி எழுதறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுடாத. கிழிக்கிறதா இருந்தா படிச்சிட்டுக் கிழி. கிளினிக் பிளேன்ல வர்ற நர்ஸ்கிட்ட குடுத்து, உன் கையிலயே குடுக்கணும்னு சொல்லியிருக்கேன்.

நான் இன்னும் அதே விடுதியிலதான் கிடக்கேன். திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரி மிஷின்ல கட்டிப் போட்டுடறாங்க. ரத்தத்தை வெளிய எடுத்து, அலசி, திரும்ப உள்ள விடுது. அன்னைக்கு முழுக்க நான் பிழிஞ்சு போட்ட துணிதான். குடிக்கத் தண்ணி அளந்துதான் குடுப்பாங்க. நாக்கு ஒட்டிக்கிட்டா ஒரு ஐஸ் துண்டைச் சப்பிக்கணும். மழையையும் தண்ணியையும் சேர்ந்த வம்சத்துல பொறந்தவளுக்கு வந்த வாழ்வைப் பாரு.

விஷயத்துக்கு வர்றேன். தெற்கே பெரிய நகரத்துல இருக்கிற ஓவியக்கூடத்துல இருந்து பிலிப்பான்னு ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை வந்தா. இந்த நாட்டுல மனுஷன் படம் போட ஆரம்பிச்ச காலத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும், ரூம் ரூமா எல்லாத்தையும் மாட்டப் போறாங்களாம். அதுல எங்க அப்பாவோட தண்ணியை, அந்தப் பாறைச் சுனையை, நான் படமாப் போட்டுத் தரணுமாம். கட்டில் ரெண்டு சேர்த்துப் போட்ட அகலத்துக்குத் துணி கொண்டுவந்து விரிச்சுட்டுப் போயிருக்கா.

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். "அந்தத் தண்ணி என் அப்பா வழியில வந்தது, நான் உரிமைக்காரி. ஆனா உரிமைக்காரி தன் இஷ்டத்துக்குப் போட முடியாது. என் அத்தை மக எஸ்மே, தாய் வழியில அதுக்குக் காவல்காரி. அவ பக்கத்துல உக்காந்து பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் அது படம்"னு. அவ உடனே, "சரி, எஸ்மேயைக் கூப்பிடுங்க"ன்னா. அவளுக்கு என்ன, சொல்லிட்டா.

கறுப்பு பூசி வச்சிருக்கேன். அதுக்கு மேல ஒரு கோடு போடலை. மத்த காவல்காரிங்க எல்லாரும் மண்ணுக்குள்ள போயாச்சு, நீ ஒருத்திதான் மிச்சம். டாக்டர் என் கண்ணைப் பார்க்காமப் பேச ஆரம்பிச்சிருக்காரு. நான் போறதுக்குள்ள அந்தத் தண்ணியை ஒரு தடவை முழுசாப் போட்டுடணும் எஸ்மே. நீ என்கூடப் பேச வேண்டாம். வந்து பார்த்தாப் போதும்.

கோராலி நங்காலா


மிர்னிரி
பிப்ரவரி 26

மதினி,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

பள்ளிக்கூடத்து மேசையில உக்காந்து எழுதறேன். பிள்ளைங்க சாப்பிடப் போயிருக்கு. நீ நாலு பக்கம் எழுதியிருக்க. அதுல எங்க அம்மாவைப் பத்தி ஒரு வரி இல்லை. உனக்கு அத்தை. உன்னைத் தூக்கி வளர்த்தவங்க. அதே தண்ணிக்கு உன்னைவிட மூத்த உரிமைக்காரி. போயிட்டவங்க பேரைச் சொல்றது நம்ம வழக்கம் இல்லை, அதனால அவங்க பேரை நான் எழுத முடியாது, நீயும் எழுத முடியாது. ஆனா "அத்தை"ன்னாவது எழுதியிருக்கலாம். "அத்தை மக"ன்னு என்னைச் சொல்றதுக்கு மட்டும் அவங்க வேணும் உனக்கு.

ரெண்டு வருஷம் முன்னாடி அம்மா செத்த துக்கத்துக்கு நீ வரலை. லாஜமனு ஊர்ல இருந்து வந்தாங்க, யுவெண்டுமு ஊர்ல இருந்து வந்தாங்க, நம்மகூடப் பேச்சுவார்த்தை இல்லாதவங்ககூட வந்து வெள்ளைக் களிமண் பூசி உக்காந்தாங்க. என் பக்கத்துல உனக்குன்னு ஒரு இடம் விட்டு வச்சேன். பார்க்கிறவங்க எல்லாரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாங்க. உன்னைக் கூட்டிவரப் போன என் தம்பி, வெறும் காரோட வந்தான். "ஏறி உக்காந்தா, அப்புறம் இறங்கிட்டா"ன்னான். விடுதியில டிவி ஓடிக்கிட்டிருந்துச்சுன்னும் சொன்னான்.

எல்லாப் பொம்பளைங்களும் துக்கத்துக்கு முடியை வெட்டிக் குடுத்தாங்க. உன் முடி வரலை.

அம்மா போனதும் அந்தத் தண்ணியை நான் மூடிட்டேன். பாட்டு இல்லை, படம் இல்லை, அந்தப் பக்கம் யாரும் போறது இல்லை. திறக்கணும்னா பங்காளிங்க எல்லாரும் துக்கத்தை முடிச்சிருக்கணும். முடிக்காதவ நீ மட்டும்தான். அப்ப அதைப் பூட்டி வச்சிருக்கிறது நானா, நீயா?

பிலிப்பாகிட்ட வேற யாரையாவது பார்த்துக்கச் சொல்லு.

எஸ்மே நாபானங்கா


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
மார்ச் 14

எஸ்மே,

அத்தை. அத்தை. அத்தை. போதுமா?

எழுதலைன்னா நினைக்கலைன்னு அர்த்தமா? அந்த வார்த்தைகிட்ட வந்ததும் பேனாவைக் கீழ வச்சுடறேன், அவ்வளவுதான்.

உன் தம்பி சொன்னது நிசம்தான். ஏறி உக்காந்தேன், போர்வைச் சுருட்டை மடியில வச்சிருந்தேன். நர்ஸ் ஓடி வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டா. "கோராலி, துக்கம்னா நீங்க வாரக்கணக்குல உக்காருவீங்க. மிஷின் இல்லாம நீ ஒரு வாரம் தாங்க மாட்ட"ன்னா. இறங்கிட்டேன். நான் செத்துப் போகப் பயந்தேன் எஸ்மே. அதுக்கு உன்கிட்ட மன்னிப்புக் கேக்க மாட்டேன். நான் அங்க வந்து விழுந்திருந்தா நீ ரெண்டு பேருக்குச் சேர்த்து அழுதிருப்ப. இன்னைக்கு அதே கார் வந்தாலும் இறங்கத்தான் செய்வேன்.

டிவி ஓடிச்சு. அது எப்பவும் ஓடும். அங்க யாரும் அதைப் பார்க்கறதில்லை, அணைக்கறதும் இல்லை. உன் தம்பி பார்க்காததை நான் சொல்றேன். அவன் கார் திரும்பினதும் குளியலறைக்குள்ள போய், கட்டுத்துணி வெட்டற கத்திரியை வச்சு முடியை ஒட்ட வெட்டினேன். பின்னந்தலைக்குக் கை எட்டலை. அங்கங்க மேடு பள்ளமாக் கிடந்துச்சு. வெட்டி விட ஒரு ஆள் இல்லை பாரு. சத்தம் போட்டு அழ ஆரம்பிச்சேன். வார்டன் கதவைத் தட்டி, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு, மெதுவான்னாரு. மெதுவா எப்படி அழறது? தலகாணியில முகத்தை அழுத்திக்கிட்டேன். முடியை ஒரு ரொட்டிப் பையில போட்டுக் கட்டிலுக்கு அடியில வச்சேன், ஊருக்குப் போறவங்க யார்கிட்டயாவது குடுத்தனுப்பலாம்னு. புதன்கிழமை மிஷின்ல இருந்து வந்து பார்த்தா, ரூம் கூட்ட வந்தவ குப்பையோட சேர்த்துத் தூக்கிட்டுப் போயிட்டா.

உனக்கு நான் சொல்லியிருக்கணும்தான். நீ கேப்பேன்னு நான் இருந்தேன்.

பிலிப்பா திரும்ப வந்தா. ரூம்களோட வரைபடம் கொண்டுவந்தா. மொத ரூம்ல நாம. பாறைமேல போட்டது, மரப்பட்டை, கேடயம், நான். ரெண்டாவதுல கப்பல்ல வந்தவங்க போட்டது, கங்காருவுக்கு எலி மூஞ்சி வச்சிருக்காங்க. அப்புறம் ஒரு ரூம் பூரா ஆடு, யூகலிப்டஸ் மரம், வேலி. அப்புறம் நகரத்துக்காரங்க, மூஞ்சியைக் கோணல்மாணலாப் போட்டு, அதுக்குப் பேர் புதுசாம். "எல்லாத்துக்கும் முன்னாடி வச்சிருக்கோம், அது மரியாதை"ன்னா. "ஏம்மா, அந்த ஆட்டு மந்தையைப் போட்டவன் செத்து எத்தனை காலம் ஆச்சு, நான் உயிரோட உன் முன்னாடி உக்காந்திருக்கேன், என்னை அவனுக்கு முந்தின ரூம்ல கொண்டுபோய் வைக்கிறியே"ன்னேன். அவ முகம் செவந்து போச்சு, பாவம். நல்ல பொண்ணுதான். எழுதிக்கிட்டா.

அப்புறம் அவ கேட்டா, எஸ்மே இல்லாமலே போட்டுட்டா யாருக்குத் தெரியும்னு. எனக்குத் தெரியுமேன்னேன். துணி அப்படியே கறுப்பாத்தான் கிடக்கு. ராத்திரி பகல்னு அதைச் சுத்தித்தான் நடக்கறேன்.

கோராலி


மிர்னிரி
ஏப்ரல் 2

மதினி,

பின்னந்தலையை யாரு சரி பண்ணினாங்க, கடைசியில?

முடி வெட்டினேன்னு யாரும் எனக்குச் சொல்லலை. தம்பியைக் கூப்பிட்டு வச்சு ஒரு பிடி பிடிச்சேன். "நான் என்ன குளியலறைக்குள்ள போயா பார்க்க முடியும்"னான். அவன் சொல்றதும் சரிதான்.

நீ வெட்டினதும், தலகாணியில அழுததும் எனக்கு மனசுல நிக்குது. ஆனாலும் தனியா அழுதது கணக்குல சேராது மதினி. உனக்கே தெரியும். நான் உன் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழணும், நீ என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழணும், நாலு பேர் பார்க்கணும். அப்பத்தான் துக்கம் முடியும். துக்கம் முடியாமத் திறந்தா அந்தத் தண்ணிக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது. பழி காவல்காரி மேலதான் வரும்.

இங்கயும் நான் யாரோட இருக்கேன்னு நினைக்கிற? அம்மா போன வீட்டைப் பூட்டிட்டு வெளிய வந்துட்டேன், வழக்கப்படி. பொம்பளைங்க தங்கற கொட்டகையில ஒரு ஓரம். என் பிள்ளைங்க ரெண்டும் கால்பந்து பின்னாடி வேற ஊருக்குப் போயாச்சு. பள்ளிக்கூடம் விட்டா நாயும் நானும்தான். கங்காரு வால் ஒண்ணு வாங்கினா முழுசா நானேதான் தின்னணும். நாய் கொழுத்துப் போச்சு.

ஒரு வழி சொல்றேன். வர்ற வெள்ளிக்கிழமை ஊர்ச் சபை லாரி சாமான் எடுக்க ஆலிஸுக்கு வருது. உன் மிஷின் முடிஞ்சதும் ஏறிடு. சனிக்கிழமை இங்க உக்காருவோம். எல்லாருக்கும் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை உன்னைத் திரும்பக் கொண்டுவிடச் சொல்றேன். திங்கள் நீ மிஷின்ல இருப்ப. வா.

எஸ்மே


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
ஏப்ரல் 20

எஸ்மே,

லாரி வரலை. உனக்கு இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். வழியில ஆத்துல தண்ணி வந்து அந்தக் கரையிலயே நின்னுட்டாங்களாம். நம்ம தண்ணிதான், வேற யாரு.

மிஷின்ல இருந்து நேரா வந்து வாசல் பெஞ்சுல உக்காந்தேன். போர்வைச் சுருட்டு, உனக்கு ஒரு பாவாடை, அத்தைக்கு வைக்கணும்னு ஒரு துண்டு வெள்ளைத் துணி. பக்கத்து ரூம்காரி பின்னந்தலையைத் தடவிப் பார்த்து, ஊருக்குப் போறவ அழகாப் போன்னு வாரிவிட்டா. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்தேன். சாயங்காலம் வார்டன் வந்து, "யாரும் வரலையா கோராலி?"ன்னாரு. நல்ல மனுஷன்தான், ஆனா அந்தக் கேள்வியை யாரும் யாரையும் கேக்கக் கூடாது. உள்ள வந்து படுத்துட்டேன்.

இப்ப நான் முடிவு பண்ணிட்டேன். கிளினிக் பிளேன்ல ஒரு இடம் கேட்டிருக்கேன், மே மாசம் மொத வாரம். போறதுக்கு மட்டும். திரும்பி வர வேண்டாம்னு சொல்லிட்டேன். டாக்டர் உக்காந்து நிதானமாப் பேசினாரு, இந்தத் தடவை கண்ணைப் பார்த்து. மிஷின் இல்லாம ஒரு வாரம், கொஞ்சம் கூடக்குறைய. எனக்கு அது போதும். வந்ததும் உன்னைக் கட்டிக்கிட்டு அழறேன். நீ திறந்து விடு. மண்ணுல துணியை விரிச்சு, உன் கண்ணு முன்னாடி அப்பாவோட தண்ணியைப் போட்டு முடிச்சுடறேன். பிலிப்பா அங்கயே வந்து எடுத்துக்கட்டும். அப்புறம் வேண்டிய தண்ணி குடிப்பேன், யாரும் அளக்க மாட்டாங்க.

பயம் போயிடுச்சு எஸ்மே. இங்க இந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு நீளமா இருக்கறதைவிட அங்க கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன். கொட்டகையில உன் பக்கத்துல எனக்கு இடம் போட்டு வை.

கோராலி


மிர்னிரி
ஏப்ரல் 28

மதினி,

பிளேன்ல ஏறாத.

இதை நர்ஸ்கிட்ட குடுத்து, உனக்கு இங்கிலீஷ்லயும் வாயால சொல்லச் சொல்லியிருக்கேன், நீ படிக்காம ஏறிட்டேன்னு சொல்லக் கூடாது பாரு. ஏறி வந்தேன்னா, உன்கூட அழ மாட்டேன். தண்ணியைத் திறக்க மாட்டேன். நீ செத்தாலும் திறக்க மாட்டேன். காவல்காரி சொல்றேன்.

ரெண்டு வருஷமா நீ கார்ல இருந்து இறங்கினதை நினைச்சு நினைச்சு வயிறெரிஞ்சேன். உன் கடிதத்தைப் படிச்சதும் அந்த எரிச்சல் எல்லாம் போயிடுச்சு. என்னத்துக்குத் தெரியுமா? நீ இறங்கினதாலதான் இன்னைக்கு நான் கோவப்பட ஒரு ஆள் மிச்சம் இருக்கு. உன்னையும் மண்ணுல வச்சுட்டு நான் யார்கூடச் சண்டை போடறது? அந்தத் தண்ணிக்கு உரிமைக்காரி இல்லாம, வெறும் காவல்காரி மட்டும் நின்னு எதைக் காக்கறது?

நான் வர்றேன். தலைமை ஆசிரியர்கிட்ட லீவு கேட்டேன், யோசிப்போம்னாரு. யோசிங்க, நான் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டேன். என்கூட லாஜமனு அக்கா ரெண்டு பேரும், பள்ளிக்கூடத்துல என்கூட வேலை பார்க்கிற ஜாய்சும் வர்றாங்க. களிமண் எடுத்துக்கிட்டு வர்றோம். ஆலிஸ்ல காஞ்சு கிடக்கிற ஆத்து மணல்ல உக்காருவோம். உன் விடுதியில எந்தெந்த ஊர்க்காரி இருந்தாலும் வந்து உக்காரட்டும், ஆள் ஆள்தான்.

துக்கத்தைப் பட்டணத்துக்குத் தூக்கிட்டுப் போய் முடிச்சவங்க யாரும் இல்லைன்னு இங்க சில பேர் முணுமுணுக்கறாங்க. அவங்களுக்குச் சிறுநீரகம் நல்லா இருக்கு. நான் சரின்னா சரிதான். பழி வந்தா என் மேல வரட்டும்.

கறுப்பு பூசினேன்னியே, மெலிசாப் பூசியிருப்ப. உன் புத்தி தெரியும். இன்னொரு தடவை பூசி வை.

எஸ்மே


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
ஆகஸ்ட் 17

எஸ்மே,

நீ போனதுக்கு அப்புறம் எழுதக் கை வரலை. குளிர் விட்டதும் எழுதறேன்.

ஆத்து மணல்ல நாம உக்காந்த இடம் வழியாத்தான் ஆஸ்பத்திரி வண்டி போகுது. டிரைவர் இப்பவும் கேக்கறான், "அன்னைக்கு நீங்க அழுததுல எனக்கே எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு, யாரும்மா செத்தது?"ன்னு. பேர் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். உன் தோள்ல என் கன்னம் பட்ட இடத்துல களிமண் ஒட்டிக்கிட்டு, அது காஞ்சு இழுத்துச்சே, அப்பத்தான் அத்தை போயிட்டாங்கன்னு எனக்கு நிசமாத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் யாரோ போன்ல சொன்ன சேதிதான்.

படம் போட்ட நாளெல்லாம் உன்மேல எனக்குக் கோவம்தான். இங்க மின்னல் கோடு கோணல், அங்க வட்டம் சின்னதுன்னு ஈரத்துணியை வச்சுத் துடைச்சுக்கிட்டே இருந்த. "இது யார் அப்பா தண்ணி?"ன்னு நான் கத்தினேன், "உங்க அப்பா தண்ணி, அதனாலதான் துடைக்கறேன்"னு நீ சொன்ன. கடைசியில தள்ளி நின்னு பார்த்து, ஈரத்துணியைப் பிழிஞ்சு காயப் போட்டுட்டு டீ போடப் போயிட்ட. அதான் உன் "சரி"ன்னு எனக்குத் தெரியும்.

படம் போயிடுச்சு. தரையில அது கிடந்த இடம் மட்டும் பெருசாத் தெரியுது. முடிச்சுட்டா நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன். நிம்மதிதான். ஆனா நீ துடைக்கறதுக்கு இங்க இனிமே ஒண்ணும் இல்லையே.

போன வாரம் பிலிப்பா ஒரு போட்டோ அனுப்பியிருந்தா. அவ படத்தை எடுத்துட்டுப் போக வந்த அன்னைக்கு, நீ அவகிட்ட விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னது வேலை செஞ்சிருக்கு. மொத ரூம்ல வைக்கலை. பின்னாடி, மரமும் ஆடும் இருக்கிற ரூம்ல, பெரிய சுவருக்கு நடுவுல நம்மளது. ஆனா அது மட்டும் இல்லை. எதிர்ச் சுவர்ல ஒரு பழைய படம், தங்க நிறச் சட்டம் போட்டது. ஒட்டகத்துல வந்த ஒரு வெள்ளைக்காரன் நம்ம தாத்தா காலத்துல போட்டதாம். பிலிப்பா எங்கயோ தேடிக் கண்டுபிடிச்சிருக்கா. போட்டோவை ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தேன். அதே பாறை எஸ்மே. அந்தப் பிளந்த பாறை, அதுக்குக் கீழ தண்ணி, சாய்ஞ்ச மரம். அப்பாவோட தண்ணிதான். அப்படியே இருக்கு. ஒரு ஆள் இல்லை. கால் தடம்கூட இல்லை. கீழ பேர் எழுதியிருக்கு, "தனிமை"ன்னு.

முதல்ல சிரிச்சுட்டேன். அவன் ஒட்டகம் இறங்கினதுல இருந்து தாத்தாவும் பாட்டிங்களும் பாறைக்குப் பின்னாடி இருந்து அவனையேதான் பார்த்திருப்பாங்க. இவன் எப்ப எழுந்து போவான், நாம எப்ப தண்ணி எடுக்கறதுன்னு. காவல்காரி யாரும் அவன் பக்கத்துல உக்காரலை பாரு, அதான் எல்லாரையும் விட்டுட்டான். நீ அங்க இருந்திருந்தா ஈரத்துணியோட போயிருப்ப. பொய்க்காரப் பயல்னு திட்டிக்கிட்டே போட்டோவைச் சுவர்ல குத்தினேன்.

மிஷின்ல படுத்திருக்கும்போதுதான் தோணிச்சு. இப்ப அங்க யாரு இருக்கா? தாத்தா இல்லை, அப்பா இல்லை, அத்தை இல்லை. நான் இங்க. நீ மூடினதுல இருந்து யாரும் அந்தப் பக்கம் போகலை. திறந்ததுக்கு அப்புறமும் போகலை, வண்டி இல்லைன்னு ஜாய்ஸ் எழுதியிருக்கா. அவன் போட்டது அன்னைக்குப் பொய். இன்னைக்கு அங்க போய் நின்னா அவன் படம்தான் சரி, நான் போட்டதுதான் பொய். இதை நினைச்சதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டேன். நர்ஸ் வலிக்குதான்னு கேட்டா. ஆமான்னேன்.

எஸ்மே, எப்படியாவது ஒரு வண்டி பிடிச்சுப் போ. உன் தம்பி காலைப் பிடிச்சாவது போ. பெருசா ஒண்ணும் செய்ய வேண்டாம். நெருப்பு மூட்டி டீ போடு, ஒரு உடும்பைச் சுட்டுத் தின்னு, அந்த மண்ணை நாலு மிதி மிதி, என் பேரைச் சொல்லிச் சத்தமாத் திட்டு. உசிரோட இருக்கறவ பேர்தானே, சொல்லலாம்.

அவன் பொய்க்காரனாவே இருக்கட்டும்.

உன் மதினி
கோராலி நங்காலா